பிறந்தநாளுக்கு வைத்திருந்த தண்ணீர்

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பகுதியில் நாங்கள் குடியிருக்கும், பல வீடுகளுக்குப் பொது முற்றம் உள்ள லைன் வீட்டில் நடந்தது இது. ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் சரக்கை இறக்கி வைக்கும் வேலை. உயரத்தில் கேபினில் உட்கார்ந்துகொண்டு, கீழே நிற்பவரின் கையசைவைப் பார்த்தே எல்லாம் செய்ய வேண்டும். கண் சரியாக இருந்தால்தான் அந்த நாற்காலி. வருடம் தவறாமல் கண் பரிசோதனையும் உண்டு. என் மனைவி ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வேதியியல் நடத்துகிறாள். இருவரின் பெற்றோரும் பரமக்குடிப் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்குப் பிழைக்க வந்தவர்கள்.

எங்கள் ஊர்க் கோடையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். சுற்றிலும் கடல். ஆனால் குழாயில் தண்ணீர் தினமும் வராது. மழை தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில் நாள் கணக்கில் தள்ளிப்போகும். வருகிற அன்று குடம், வாளி, டிரம், பிரஷர் குக்கர் வரைக்கும் பிடித்து வைத்துக்கொள்வோம். அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம், பாத்திரம் கழுவியதில் தரை, தரை துடைத்தது செடிக்கு. இதில் நான் கொஞ்சம் அதிகப்படி. குளிக்கும்போது வாளியில் மிச்சம் வைத்துவிட்டு வந்து அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன். என் மனைவி என்னைத் தண்ணீர்க் கஞ்சன் என்றுதான் கூப்பிடுவாள்.

இப்படிச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிற வீட்டில் சமையலறைக் கழிவுக் குழாய் அடைக்காமல் என்ன செய்யும்? மீன் கழுவிய செதிலும் எண்ணெய்ப் பிசுக்கும் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நடுவழியிலேயே உட்கார்ந்துவிட்டன. அந்த வாரம் அடைப்பு முற்றி, தொட்டியில் தண்ணீர் நின்று நாற ஆரம்பித்தது. அபர்டீன் பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் காஸ்டிக் சோடா கொடுத்தார். வெள்ளை வெள்ளையாகச் செதில் போல இருந்தது, பார்க்கச் சாது. வாளி நிறையப் பச்சைத் தண்ணீர் எடுத்து, அதில் கொஞ்சம் கொஞ்சமாக இதைப் போட்டுக் கரைத்து ஊற்றச் சொன்னார்.

வாளி நிறையத் தண்ணீரா? அதுவும் சாக்கடைக் குழாய்க்கா? கடைக்காரருக்கு என்ன, சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி வெளியே முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு இரும்பு மக்கில் காஸ்டிக் செதிலைக் கொட்டினேன். டீக்கு வைத்த சுடுதண்ணீர் அடுப்பில் மிச்சம் இருந்தது. அதையும் வீணாக்க வேண்டாம், சூடாக இருந்தால் சீக்கிரம் கரையும் என்று கணக்குப் போட்டு, மக்கின் மேலே குனிந்து அந்தத் தண்ணீரைச் செதிலின் மேல் ஊற்றினேன். கடைக்காரர் சொன்னதற்கு நேர் தலைகீழ்.

கண் மூடித் திறப்பதற்குள் மக்கு கொதித்துப் பொங்கி என் முகத்தில் சீறியது. இரண்டு கண்ணிலும் நெருப்பு வைத்தது போல இருந்தது. நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்தில் நீல டிரம் நிறையத் தண்ணீர் இருக்கிறது. அதில் தலையை விடத் தோன்றவில்லை. தோளில் கிடந்த துண்டை, பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஒரு முனை மட்டும் நனைத்து, அழுத்தி அழுத்தித் துடைத்தேன். உயிர் போகிற நேரத்திலும் கை பழகின வேலையைத்தான் செய்கிறது.

நான் போட்ட சத்தத்தில் மனைவி ஓடி வந்தாள். வாசலில் நின்றே மக்கையும் பாக்கெட்டையும் பார்த்திருக்க வேண்டும்.

"தொடைக்காதீங்க! கையை எடுங்க! தேய்க்காதீங்க!"

துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சட்டைக் காலரைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய், துணி துவைக்கிற கல்லில் படுக்க வைத்தாள். பிறகு டிரம் நகரும் சத்தம். ஒரு கையால் என் இமையைப் பிளந்து பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டிரம்மில் கிடந்த மக்கில் மொண்டு மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள். என்னால் கண்ணைத் திறந்து வைக்கவே முடியவில்லை. இமை தானாக இறுகி மூடிக்கொள்ளும், அவள் விரலை விட்டுப் பிரிப்பாள். வலியில் அவளைத் தள்ளிவிட்டேன், ஒரு முறை கடிக்கக்கூடப் போனேன் என்று பிறகு சொன்னாள்.

பத்தாம் வகுப்பில் படித்தது அப்போது பார்த்து எனக்கு ஞாபகம் வந்தது. காஸ்டிக் ஒரு காரம், காரத்துக்கு அமிலம்தானே மாற்று?

"எலுமிச்சம்பழம் புழிஞ்சு விடும்மா" என்று கத்தினேன்.

"வாயை மூடிக்கிட்டுக் கண்ணைத் தொறங்க" என்றாள். அவள் என்னிடம் அப்படிப் பேசியதே கிடையாது.

அதற்குள் முற்றத்தில் ஆள் கூடிவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் சத்தம்தான். பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, நாங்கள் தீதி என்று கூப்பிடுகிறவர், தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு ஓடி வந்திருக்கிறார். சுட்ட புண்ணுக்கு எண்ணெய் என்பதுதானே எல்லார் வீட்டிலும் வழக்கம். "தேல் நஹி தீதி! பானி! சிர்ஃப் பானி!" என்று என் மனைவி அலறினாள். எண்ணெய் வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும் என்று.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. எரிச்சல் கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரி இருந்தது. காதில் ஒரே ஒரு சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. என் முகத்திலிருந்து வழிந்த தண்ணீர், கல்லில் ஓடி, சிமெண்ட் வாய்க்காலில் விழுந்து போகிற சத்தம். அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத வாரம் அது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தச் சத்தம் எனக்குத் தாங்கவில்லை.

"போதும்மா. எரிச்சல் கொறைஞ்சிருச்சு. தண்ணியெல்லாம் வீணாப் போகுது."

அவள் நிறுத்தவில்லை. என் கையைப் பிடித்து, என் விரலை என் கன்னத்திலேயே வைத்துத் தேய்த்தாள்.

"தொட்டுப் பாருங்க. வழவழன்னு இருக்கா?"

இருந்தது.

"சோப்பு போட்டேனா? போடலைல்ல? இது உங்க தோலுங்க. உங்க தோலுதான் சோப்பாயிட்டிருக்கு. கண்ணுக்குள்ளயும் இதேதான் நடக்குது. வழவழப்பு போற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

அதுவரை வலிதான் பெரிதாக இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது. கேபினும் கிரேனும் எல்லாம் அப்புறம். இவள் முகத்தை இனிமேல் பார்க்கவே மாட்டேனா என்று நினைத்து அழுதேன். கண்ணீரும் நல்லதுதான், அழுங்க என்றாள். சொல்லிக்கொண்டே அடுத்த மக்கை ஊற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் மக்கு டிரம்மின் அடியில் இடிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. மனைவி தலையைத் தூக்கி, யாரைப் பார்த்து என்று இல்லாமல், "பானி! கோயி பானி தோ!" என்று கத்தினாள். யாராவது தண்ணீர் கொடுங்கள் என்று இந்த ஊர்க் கோடையில் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்பது எளிதான காரியமில்லை. குழந்தைக்குப் பால் கேட்கலாம், சர்க்கரை கேட்கலாம். தண்ணீர் யாரும் கேட்க மாட்டோம்.

முதலில் வந்தது தீதியின் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். மண்பானையில் வைத்த குளிர்ச்சி அதில் இருந்தது. அதற்குப் பிறகு வந்ததில் குளோரின் வாடை தூக்கலாக அடித்தது. ஒரு வாளித் தண்ணீர் வாய்க்குள் போனபோது உப்புக் கரித்தது, அது கிணற்றுத் தண்ணீர். யார் தூக்கி வந்தார்கள், யார் ஊற்றினார்கள் என்று எதுவும் தெரியாது. வளையல் சத்தம் கேட்கும், செருப்புச் சத்தம் கேட்கும், மூச்சு வாங்குவது கேட்கும், தலையில் தண்ணீர் விழும். பின்னால் யாரோ உட்கார்ந்து என் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் மட்டும் நிற்கவே இல்லை.

எதிர் வீட்டில் ஒரு தெலுங்குக் குடும்பம். அவர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் ஆட்டோவைக் கிளப்பி முற்றம் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தும் சத்தம் கேட்டது. ஆனால் என் மனைவி உடனே புறப்பட விடவில்லை. கன்னத்தில் வழவழப்பு போய், விரல் தோலில் பிடித்து நிற்கிற வரைக்கும் ஊற்றச் சொல்லிவிட்டுத்தான் ஏற்றினாள். பாட்டில்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, ஆட்டோவிலும் வழி முழுக்க ஊற்றிக்கொண்டே வந்தாள். அவர் சீட்டெல்லாம் நனைந்து நாறியிருக்கும். மனிதர் ஹார்னை அடித்துக்கொண்டே விரட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சிறிய காகிதத் துண்டைக் கண்ணில் தொட்டுப் பார்த்தார்கள். இன்னும் காரம் இருக்கிறது என்று சலைன் தொங்கவிட்டு மறுபடியும் கழுவினார்கள். காகிதம் நிறம் மாறுவது நிற்கும் வரைக்கும் கழுவல்தான். பிறகு டாக்டர் அம்மா, வீட்டில் எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்று கேட்டார். மனைவி சொன்னாள். எண்ணெய் எதுவும் போட்டீர்களா, எலுமிச்சை? இல்லை என்றாள். டாக்டர், கண் பிழைக்குமா என்பதைச் சில நாள் போனால்தான் சொல்ல முடியும், ஆனால் பிழைத்தால் அது அந்தத் தண்ணீரால்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

இரண்டு கண்ணிலும் மருந்து வைத்துக் கட்டிவிட்டார்கள். அந்த நாட்களை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்கே ஆச்சரியம். பொழுது போகாமல், பயத்தை மறக்கவும்தான், மனைவியைப் பாடம் நடத்தச் சொல்லிக் கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்கிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

"உப்பைத் தண்ணியில போட்டா கரையுது. எண்ணெயில போட்டா?" என்று ஆரம்பித்தாள்.

"அப்படியே கெடக்கும்."

"காஸ்டிக்கும் அந்த ஜாதிதான். சோடியம் ஒரு எலக்ட்ரானைக் குடுத்துட்டு பிளஸ்ஸா நிக்குது. எதிர்ல ஓ.எச்., அது மைனஸ். ரெண்டும் ஒன்னை ஒன்னு இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருக்கு. இதுக்குப் பேரு அயனிப் பிணைப்பு. தண்ணியோட ஒரு மூலக்கூறுல ஒரு பக்கம் லேசா பிளஸ், மறுபக்கம் லேசா மைனஸ். அது நடுவுல பூந்து ரெண்டையும் பிரிச்சு, தனித்தனியாச் சூழ்ந்துக்கும். அப்போதான் அவ்வளவு சூடு வெளிய வருது. நிறையத் தண்ணி இருந்தா அந்தச் சூட்டைத் தாங்கிக்கும். நீங்க ஒரு கை தண்ணி ஊத்தினீங்க, கொதிச்சிருச்சு."

எண்ணெய்க்கு அந்த பிளஸ், மைனஸ் கிடையாதாம். தீதியின் தேங்காய் எண்ணெயை விட்டிருந்தால் காஸ்டிக் அதில் கரைந்து வெளியே வந்திருக்காது, கண்ணிலேயே தங்கியிருக்கும். எலுமிச்சை பிழிந்திருந்தால் காரமும் அமிலமும் சேர்ந்து இன்னொரு சூடு கிளம்பி, அமிலப் புண்ணும் சேர்ந்திருக்கும். அமிலம் பட்டால் பெரும்பாலும் மேல்தோல் கெட்டியாகி அதுவே ஒரு தடுப்பாகிவிடுமாம். காரம் அப்படி நிற்காது, கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே போகும். அவள் இதையெல்லாம் நிதானமாகச் சொன்னாள். கையை மட்டும் என் கையிலிருந்து எடுக்கவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். காஸ்டிக்கில் இருப்பது ஓ.எச். என்றாள். தண்ணீரிலும் அதே ஆக்சிஜன், ஹைட்ரஜன்தானே? அதே சாமான் இங்கே கண்ணைப் பொசுக்குகிறது, அங்கே கண்ணைக் காப்பாற்றுகிறதா?

"சாராயத்துலயும் அதே ஓ.எச். இருக்கு" என்றாள். "அது யாரோட, எப்படிச் சேர்ந்திருக்குங்கிறதுலதான் குணமே இருக்கு. தண்ணியில அது இன்னொரு ஹைட்ரஜனோட எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கிட்டு சாந்தமா இருக்கு. காஸ்டிக்ல அது கூடுதலா ஒரு எலக்ட்ரானை வச்சுக்கிட்டு, யார் கெடைப்பாங்கன்னு திரியுது. பரீட்சையில இந்தக் கேள்விக்குத்தான் பாதிப் பிள்ளைங்க தப்பா எழுதும்."

நானும் தப்பாகத்தான் எழுதியிருப்பேன் என்றேன். எழுதிட்டீங்களே என்றாள். அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வீட்டுக்கு வந்த அன்று, எதிர் வீட்டு அம்மா, ஆட்டோக்காரரின் மனைவி, பார்க்க வந்தார். கையில் ஒரு கிண்ணத்தில் பாயசம் மாதிரி ஏதோ கொண்டு வந்திருந்தார். அவர் போன பிறகு மனைவி சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் அவர்கள் வீட்டுக் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். சொந்தக்காரர்கள், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் என்று எல்லோரையும் அழைத்திருந்தார்கள். சமைக்கவும் பாத்திரம் கழுவவும் டேங்கர்காரரிடம் சொல்லி வைத்து, காத்திருந்து வாங்கி, வீட்டுக்குள் டிரம் டிரம்மாக நிரப்பி வைத்திருந்தார்கள். எங்கள் தண்ணீரும் தீதியின் தண்ணீரும் தீர்ந்த பிறகு, அந்த டிரம்களைத்தான் திறந்திருக்கிறார்கள். வாளியில் மொண்டு கொடுத்துக் கட்டுப்படியாகாமல், அந்த அம்மா ஒரு டிரம்மை அப்படியே உருட்டிக்கொண்டு வந்து கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினாராம்.

விருந்து நடக்கவில்லை. அன்று டேங்கர் மறுபடி கிடைக்கவில்லை. வந்தவர்களுக்குக் கடையில் சமோசாவும் கேக்கும் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

மறுநாள் மனைவியைப் பிடித்துக்கொண்டு தட்டித் தடவி எதிர் வீட்டு வாசலுக்குப் போனேன். குழந்தையின் முதல் பிறந்தநாளை நான் கெடுத்துவிட்டேன், மன்னியுங்கள் என்று தெரிந்த இந்தியில் சொன்னேன். அந்த அம்மா குழந்தையை இடுப்பில் வைத்திருந்தார் போலிருக்கிறது. அது என் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அரே பையா, பர்த்டே அக்லே சால் பி ஆயேகா. ஆங்க் தோ நஹி ஆயேகா" என்றார். பிறந்தநாள் அடுத்த வருடமும் வரும் அண்ணா, கண் வராது.

கட்டுக்குள் எனக்குக் கண் எரிந்தது. மருந்து வைத்த கண்ணில் அழக் கூடாது என்று டாக்டர் எதுவும் சொல்லவில்லை, அதனால் அழுதேன்.

கட்டு அவிழ்த்த அன்று முதலில் தெரிந்தது வெளிச்சம் மட்டும்தான். அதற்குப் பிறகு பல வாரங்கள், சொட்டு மருந்தும் ஆஸ்பத்திரி நடையுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உருவங்கள் தெளிந்தன. இடது கண் முழுதாகத் திரும்பியது. வலது கண்ணின் ஓரத்தில் மட்டும் புகை படிந்தது போல ஒரு சிறு இடம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. நல்லவேளை, நடுவில் இல்லை. சில மாதங்கள் கீழே எடுபிடி வேலை கொடுத்து வைத்திருந்தார்கள். மருத்துவப் பரிசோதனையில் தேறியதும் மறுபடி கேபினுக்கு ஏறிவிட்டேன்.

எதிர் வீட்டுக் குழந்தை இப்போது நடக்கிறது, ஓடுகிறது. எங்கள் வீட்டுக்குள் கேட்காமல் வந்து பிரிட்ஜைத் திறக்கிறது. தண்ணீர் விஷயத்தில் நான் இன்னும் கஞ்சன்தான், அது இந்த ஊரில் பிறந்தவனுக்குப் போகாது. ஆனால் குடிக்கிற தண்ணீரை யாராவது தேவைக்கு மேல் ஊற்றினால் முன்பு போலச் சுள்ளென்று பேச வாய் வருவதில்லை.

ஒரு நாள் மனைவியிடம் கேட்டேன், கடைசியில் வழவழப்பு போனது யாருடைய தண்ணீரில், என் தலையைப் பிடித்திருந்தது யார் என்று. தெரியாது, நான் உங்க கண்ணை விட்டு வேற எங்கயும் பார்க்கலை என்றாள். லைனில் விசாரித்தால் ஒவ்வொருவரும் இன்னொருவர் பெயரைச் சொல்கிறார்கள். தீதி ஆட்டோக்காரரைச் சொல்கிறார், அவர் கடைசி வீட்டுக்காரரைச் சொல்கிறார். எனக்கும் கண்டுபிடிக்கிற ஆசை இப்போது விட்டுப்போய்விட்டது. யார் ஊற்றிய தண்ணீரில் என் பார்வை தங்கியது என்று தெரியாததால், காலையில் முற்றத்தில் எதிர்ப்படுகிற ஒவ்வொரு முகத்தையும், இவர் கொடுத்த கண்ணால்தான் இவரையே பார்க்கிறேன் என்ற நினைப்போடுதான் இன்றும் பார்க்கிறேன்.